உப்பு, பட்டை, முப்புரி: சென்னையில் தோலின் வரலாறு

விலங்குத் தோலிலிருந்து நீரையும் கொழுப்பையும் மயிரையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ஏறக்குறைய முழுவதும் கொலாஜன் என்ற ஒரே புரதம். தசையை எலும்போடு கட்டும் நாண், குருத்தெலும்பு, எலும்பின் உள்ளிழை, இரத்தக் குழாயின் சுவர், கண்ணின் வெண்படலம் எல்லாவற்றுக்கும் வலிமை தருவது இதுவே. பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொலாஜன் இருக்கிறது. இந்தப் புரதத்துக்குச் சென்னையில் இரட்டை வரலாறு உண்டு. நூறாண்டுக்கும் மேலாக அது துறைமுகத்தில் கட்டுக் கட்டாகக் கப்பலேறிய சரக்கு. 1954-இல் அதே நகரத்தில்தான் அதன் மூலக்கூறின் அடிப்படை வடிவம் கண்டறியப்பட்டது. ஒன்றை வணிக வரலாற்றிலும் மற்றதை அறிவியல் வரலாற்றிலும் தனித்தனியே எழுதுவது வழக்கம். சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டும் நன்றாக விளங்குகின்றன.

கொலாஜன் ஒரு பெருமூலக்கூறு. நீரின் மூலக்கூறு எடை 18. சர்க்கரையின் எடை 342. கொலாஜனின் எடையோ ஏறத்தாழ 3,00,000. உயிரினங்களின் பெருமூலக்கூறுகள் பெரும்பாலும் மாலை கோத்ததுபோல் அமைந்தவை. சிறு மூலக்கூறுகள் மணிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக வேதிப் பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கும். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். குளுக்கோஸைக் கோத்தால் மாவுப்பொருளும் செல்லுலோஸும். நியூக்ளியோட்டைடுகளைக் கோத்தால் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.

வடசென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய அத்திப்பட்டில் நின்றால் இத்தகைய பெருமூலக்கூறுகள் பல கண்ணெதிரே கிடக்கும். இறாலின் ஓடும் நண்டின் ஓடும் கைட்டின். அலையாத்தி மரத்தின் கட்டை செல்லுலோஸ். மீனின் தோலும் செதிலும் கொலாஜன். மணி ஒன்றாகவே இருந்தாலும் கோக்கும் விதம் மாறினால் பொருள் மாறிவிடும். அரிசியின் மாவுப்பொருளும் வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவைதான். இணைப்பின் திசை வேறானதால் ஒன்று சோறாகிறது, மற்றதை மனிதக் குடல் செரிக்க முடிவதில்லை.

உயிர் பிரிந்த கணத்திலிருந்து பெருமூலக்கூறுகள் துண்டுபடத் தொடங்குகின்றன. உரித்த தோலில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நீர் இருக்கும். அந்த ஈரத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரந்து புரதச் சங்கிலிகளை வெட்டும். சென்னை வெயிலில் சில மணி நேரத்திலேயே தோல் நாறி, மயிர் கழன்று, இழை தளர்ந்துவிடும். இதைத் தடுக்கக் கைக்கெட்டிய வழி உப்பு. உட்புறத்தில் கனமாக உப்பைத் தேய்த்து அடுக்கினால் அது தோலின் நீரை வெளியே இழுத்துவிடும்; ஈரம் குறைந்த இடத்தில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் வளரா. தோலின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குவரை உப்பு இடுவது வழக்கம். தோல் தொழிலின் முதல் மூலப்பொருள் தோல் என்றால் இரண்டாவது உப்பு.

அந்த உப்பு சென்னைக்கு வெளியூரிலிருந்து வர வேண்டிய பொருளாக இருக்கவில்லை. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதியின் கழிமுக நிலம் உப்பளங்களுக்கு ஏற்றது: ஓதம் ஏறி இறங்கும் தட்டையான களிமண், நீண்ட கோடை, நகரத்துக்குச் செல்ல நீர்வழி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டப்பட்ட கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரிவரையும் அதற்கப்பாலும் நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டபின், ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. விறகும் உப்பும் படகுகளில் இந்த வழியே நகரத்துக்குள் இறங்கின. சென்னை சென்ட்ரலுக்கு அருகில் உள்ள சால்ட் கோட்டர்ஸ் சரக்கு முனையத்தின் பெயரில் அந்தக் காலத்து உப்புக் கிடங்குகள் இன்றும் தங்கியிருக்கின்றன; பண்டசாலை என்று பொருள்படும் கொட்டாரம் என்ற சொல்லே ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே பெரியமேடு. தென்னிந்தியத் தோல் வணிகத்தின் தலைவாசல் அது.

உப்பு தோலைக் காக்கும், ஆனால் மாற்றாது. கழுவினால் பழைய பச்சைத்தோல் திரும்பி வந்துவிடும். தோலை அழுகாத பொருளாக மாற்றுவதுதான் பதனிடுதல். அதன் படிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பெருமூலக்கூறின்மேல் நிகழும் வேலை. முதலில் தோலை நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் நீக்குவார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. சுண்ணாம்பின் காரத்தன்மை, மயிரின் வேரைச் சூழ்ந்த கெரட்டின் புரதத்தைச் சிதைக்கும். கொலாஜன் இழைகளுக்கு இடையில் பசைபோல் கிடக்கும் வேறு புரதங்களைக் கரைக்கும். இழைகளை ஊதிப் பிரிக்கும். ஆனால் கொலாஜன் இழை மட்டும் அதைத் தாங்கி நிற்கும். ஒரு புரதத்தைக் கரைத்து மற்றொன்றை விட்டுவைக்கும் இந்த வேலையை, புரதம் என்ற சொல்லே பிறக்காத காலத்திலிருந்து தொட்டிக்கரைத் தொழிலாளிகள் செய்துவந்தனர். எத்தனை நாள் சுண்ணாம்பில் விடலாம், எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதை விரலால் அழுத்திப் பார்த்தே முடிவு செய்தனர். ஒரு நாள் தவறினாலும் தோல் கெட்டுவிடும் என்பதால், அது மிகத் துல்லியமான அறிவு என்றே சொல்ல வேண்டும்.

மயிரையும் சதையையும் மழித்து, சுண்ணாம்பைக் கழுவி அகற்றியபின் தோல் பட்டைத் தொட்டிக்குப் போகும். தமிழகத்தில் அது பெரும்பாலும் ஆவாரம் பட்டை. வறண்ட நிலத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் இந்தச் செடியின் பட்டையில் டானின் நிறைந்திருக்கிறது. டானின்கள் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் தாவரப் பொருள்கள். கடுக்காயையோ வாழைப்பூவையோ பச்சையாகக் கடித்தால் நாக்கு சுருங்கி வறண்டுபோவது இதனால்தான்: எச்சிலில் உள்ள வழுவழுப்பான புரதங்களை டானின் பிடித்துத் திரளச் செய்துவிடுகிறது. தமிழில் அறுசுவையில் ஒன்றாகிய துவர்ப்பு உண்மையில் பதனிடுதலின் சிறு வடிவம். தொட்டியிலும் அதே வினைதான். டானின் மூலக்கூறு பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் அடுத்தடுத்த கொலாஜன் சங்கிலிகளைப் பற்றி, அவற்றுக்கு இடையில் நீர் இருந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. நுண்ணுயிர் நொதிகளுக்கு வெட்ட இடம் கிடைப்பதில்லை. பச்சைத்தோல் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் நீரிலேயே சுருண்டு சுருங்கிவிடும். பட்டையில் பதனிட்டது 70 முதல் 85 வரை தாங்கும்.

ஆவாரையில் பதனிட்ட தோல் இளநிறமாக, மென்மையாக இருக்கும். ஆனால் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து எடுப்பது சென்னை மாகாண வழக்கம். பிறகு எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். ஆவாரை, கடுக்காய் என்ற இந்த இணையே லண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியப் பதனிட்ட தோல்' என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது.

டானினின் பயன் தோலோடு நிற்கவில்லை. நைலான் வருவதற்கு முன் கடற்கரை மீனவர்கள் பருத்தி வலைகளையும் சணல் வலைகளையும் பட்டைச் சாற்றில் தோய்த்து உலர்த்தி ஆயுளைக் கூட்டினர். அங்கே காக்கப்பட்டது கொலாஜன் அல்ல, செல்லுலோஸ். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவிய நைலான் வலைக்கு அந்தச் சடங்கு தேவைப்படவில்லை. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய அந்த இழையில் மணிகளைக் கோக்கும் பிணைப்பு, புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் அதே அமைடு பிணைப்புதான். இருந்தும் அதை வெட்டும் நொதி கழிமுகச் சேற்றில் இல்லை. எண்ணூரில் அறுந்து கிடக்கும் வலைத்துண்டு மட்காமல் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

தோல் தொழிலின் சமூக அமைப்பு அதன் வேதியியலைப் போலவே அழுத்தமானது. செத்த விலங்கைத் தொடுவதைத் தீட்டாகக் கருதிய சாதி அமைப்பு, உரித்தல், ஊறவைத்தல், மழித்தல் ஆகிய வேலைகளை அருந்ததியர், ஆதிதிராவிடர் மீது சுமத்தியது. அந்த வேலை செய்ததற்காகவே அவர்களை ஒதுக்கியும் வைத்தது. வணிகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் முன்னின்றனர். பாலாற்றங்கரையில் தோல் ஷாப்பு எனப்படும் பதனிடும் கூடங்களிலும், சென்னையை ஒட்டிய மாதவரம், பல்லாவரம் ஆலைகளிலும் பதனிட்ட தோல் பெரியமேட்டு மண்டிகளுக்கு வந்து தரம் பிரிக்கப்பட்டுத் துறைமுகத்துக்குச் சென்றது. மண்டிக்காரர் தரகர் மட்டுமல்ல. பதனிடுவோருக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. ஏலத்தில் யார் வாங்கினார், என்ன விலை போனது என்பதற்குக் கணக்குப் புத்தகங்கள் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் காலம் முழுதும் கால் வைத்து நின்றவர்களுடைய பெயர்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. இந்தத் தொழிலின் வரலாற்றில் பெரிய இடைவெளி அதுதான்.

1904-இல் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னை மாகாணத்தின் தோல் பதனிடுதல் பற்றித் தனி நூலே எழுதினார். பொறியியல் பேராசிரியரான அவர், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் முறைப் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தவர். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான அந்த முறையில் பட்டைக்குப் பதில் குரோமிய உப்பு. உலோக அணு, கொலாஜன் சங்கிலியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அமிலக் குழுக்களைப் பற்றி அடுத்த சங்கிலியோடு தைத்துவிடும். வாரக்கணக்கில் ஆன வேலை ஒன்றிரண்டு நாளில் முடியும். தோல் கொதிநீரையும் தாங்கும். கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் கட்டும் தோல் பறி நீரில் கிடந்து சீக்கிரம் அழுகுவது உழவர்களின் பெருந்தொல்லை. குரோம் தோல் அதற்குத் தீர்வாகும் என்பது சாட்டர்ட்டனின் நம்பிக்கைகளில் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லாவரம் அருகே அமைந்த குரோம் தோல் ஆலையின் பெயரில்தான் இன்றைய குரோம்பேட்டை அழைக்கப்படுகிறது. ஒரு புரதத்தில் உலோகத்தைப் பிணைக்கும் வினை ஓர் ஊருக்குப் பெயரானது தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை.

முதல் உலகப் போர் தொழிலை மேலும் பெருக்கியது. படைவீரர்களின் காலணி மேல்தோலுக்குச் சென்னையின் பதனிட்ட மாட்டுத்தோல் தேவைப்பட்டதால், 1916-இல் அரசு அதன் ஏற்றுமதியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் வடசென்னையின் வண்ணாரப்பேட்டையில் அரசு தோல் தொழிற்பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. கைப்பழக்கமாக மட்டும் இருந்த அறிவு அங்கே பாடமாயிற்று: சுண்ணாம்பின் வலிமையை அளப்பது, பட்டையில் டானின் எவ்வளவு என்று கணக்கிடுவது, தோலின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் காண்பது.

பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது தனிக் கதை. தேவை பெருகப் பெருக ஆவாரை போதாமல், தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலில் வந்தது. இனவொதுக்கலை எதிர்த்து 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது. அந்த வழி அடைபட்டது. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் அரசே வாட்டில் தோட்டங்களை விரித்தது. புல்வெளிகளை விழுங்கிய அந்த மரங்களை அகற்றும் வேலை இன்றும் முடியவில்லை. பெரியமேட்டின் தேவை மலைமுகட்டின் புல்லை மாற்றிய விதம் தமிழக வனவரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

பதனிடும் தொட்டிகளில் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது, பெருமூலக்கூறு என்று ஒன்று இருப்பதையே வேதியியலாளர்கள் பலர் நம்பவில்லை. புரதமும் ரப்பரும் செல்லுலோஸும் சிறு மூலக்கூறுகளின் தளர்ந்த திரள்கள் என்பதே பொதுக் கருத்து. அவை நீண்ட சங்கிலிகள் என்று 1920-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் வாதிட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1953 ஆயிற்று. சங்கிலி என்பது ஏற்கப்பட்டதும் அடுத்த கேள்வி பிறந்தது: அது எப்படி மடிந்திருக்கிறது?

விடை தேட எக்ஸ் கதிர் உதவியது. ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களின்மேல் எக்ஸ் கதிர் பட்டுச் சிதறும்போது படத்தாளில் புள்ளிகள் விழும். புள்ளிகளின் இடைவெளியிலிருந்து அணுக்களின் இடைவெளியைக் கணக்கிடலாம். இங்கிலாந்தில் கம்பளி நெசவின் தலைநகரான லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், நெசவுத் தொழிலுக்காகவே 1928-இல் அமர்த்தப்பட்ட வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழையை எக்ஸ் கதிரில் வைத்து, கெரட்டின் புரதத்தின் ஒழுங்கைக் காட்டினார். டி.என்.ஏ.வின் முதல் எக்ஸ் கதிர்ப் படங்களும் 1938-இல் அங்கேயே எடுக்கப்பட்டன. கம்பளி விற்ற ஊரில் கம்பளியின் புரதம் ஆராயப்பட்டது தற்செயல் அல்ல. ஆராய்ச்சிக்கு இழை வேண்டும், பணம் வேண்டும், அந்த இழையை ஆயுள் முழுதும் கையாண்டவர்கள் பக்கத்தில் வேண்டும். சென்னையில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. ஆனால் கம்பளிக்குப் பதில் தோல்.

1948 ஏப்ரலில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், தோல் தொழில்நுட்பப் படிப்பு நடந்துவந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் அருகிலேயே அது அமைய உறுதுணையாக இருந்தார். 1958 முதல் அதன் இயக்குநராக இருந்த யெலவர்த்தி நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தையும் தோல் ஷாப்பையும் ஒன்றோடொன்று பேசவைத்தவர்.

1952-இல் அதே துணைவேந்தர் இயற்பியல் துறைக்கு ஒரு பேராசிரியரைத் தேடினார். சர் சி. வி. ராமன் தன் மாணவர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அவர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன்; 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர், பேராசிரியராக வந்தபோது வயது 30-ஐ எட்டவில்லை. கிண்டியில் எக்ஸ் கதிர்க் கருவிகளை நிறுவிய வேளையில், சென்னைக்கு வந்த இங்கிலாந்து அறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜனுக்கு அதுவரை முன்வைக்கப்பட்ட வடிவங்கள் எதுவும் நிறைவாக இல்லை என்று சொன்னார். ராமச்சந்திரனுக்குத் தேவைப்பட்ட பொருள் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. பல விலங்குகளின் இழைகளைச் சோதித்ததில், கங்காருவின் வால் நாண் தெளிவான படத்தைத் தந்தது. ஆய்வில் உடனிருந்தவர் கோபிநாத் கர்த்தா.

படம் மட்டும் போதவில்லை. வேதியியல் பகுப்பாய்வு ஒரு துப்பைக் கொடுத்தது: கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. பக்கக் கிளை என்று அதற்கு ஒற்றை ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு. புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் வழக்கத்துக்கு மாறாக மிகுதி. வளைய வடிவம் கொண்ட இவை சங்கிலியை விறைப்பாக்குபவை. ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாக இருக்க வேண்டும் என்றால், அந்த இடத்தில் வேறெதுவும் நுழைய முடியாத அளவுக்கு நெருக்கடி இருக்க வேண்டும். அத்தகைய நெருக்கடி மூன்று சங்கிலிகள் ஒட்டி நிற்கும் நடுவச்சில்தான் உண்டு. ராமச்சந்திரனும் கர்த்தாவும் இதை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். 1955-இல் அவர்களே அதைத் திருத்தினர்: மூன்று சங்கிலிகளும் வெறுமனே இணையாக நிற்பதில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன. நிலவு எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டிச் சுற்றுவதுபோல், ஒவ்வொரு சங்கிலியும் தன் கிளைசின் பக்கத்தையே நடுவச்சுக்குக் காட்டித் திரும்புகிறது.

தேர்வடம் முறுக்குபவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. புரி ஒவ்வொன்றையும் ஒரு திசையில் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்கினால்தான் கயிறு பிரியாது. கொலாஜனிலும் தனிச் சங்கிலி இடப்புறமாகவும் மூன்றும் சேர்ந்த வடம் வலப்புறமாகவும் முறுக்கியிருக்கின்றன. சங்கிலி ஒன்றில் ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்கள். வடத்தின் நீளம் 300 நானோமீட்டர், தடிப்பு 1.5 நானோமீட்டர் மட்டுமே. இத்தகைய வடங்கள் வரிசையாக, சற்றே விலகி அடுக்கப்பட்டு நுண்ணிழையாகி, நுண்ணிழைகள் சேர்ந்து இழையாகி, இழைகள் பின்னித் தோலாகின்றன. கொதிநீரில் வடத்தின் புரிகள் பிரிந்தால் அது ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டியாவது அதனால். புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்ற உடலுக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாதபோது வடம் உறுதிப்படாமல் ஈறு கசியும், ஆறிய புண் திரும்பத் திறக்கும். கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அடிப்படையில் கொலாஜனின் நோய்.

1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும், டி.என்.ஏ. வடிவத்தால் புகழ்பெற்றிருந்த பிரான்சிஸ் கிரிக்கும் சென்னை வடிவத்தைக் குறைகூறினர். முச்சுருள் சரி, ஆனால் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று வைத்தால் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று தாங்க முடியாத நெருக்கத்தில் வந்துவிடும், ஒரு பிணைப்பே சாத்தியம் என்றனர். பிணைப்பின் எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதே பிற்பாடு நிலைத்தது. வடிவத்தின் உயிர்நாடியான முப்புரி சென்னையிலிருந்து வந்தது என்பதை உலகப் பாடநூல்கள் பல காலம் உரக்கச் சொல்லவில்லை. இது நியாயமற்ற மௌனம்.

பிணைப்பின் எண்ணிக்கையில் தோற்றுப்போன வாதம் அதைவிடப் பெரிய வெற்றியை ஈன்றது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதே சச்சரவு என்றால், அதை முறையாகக் கணக்கிட்டுவிடுவது என்று ராமச்சந்திரன் இறங்கினார். அதுவரை வெளியான படிகங்களிலிருந்து அணு இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் திரட்டினார்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இரண்டு கோணங்களையும் எல்லா அளவுகளிலும் திருப்பிப் பார்த்து, எங்கே அணுக்கள் மோதுகின்றன, எங்கே மோதவில்லை என்று மேசைக் கணக்கு இயந்திரங்களில் கணக்கிட்டனர். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியான அந்த வரைபடம் இன்று ராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது. சதுரத்தின் பெரும்பகுதி தடைப்பட்ட நிலம். அனுமதிக்கப்பட்ட இடம் சில தீவுகளே. புரதம் எண்ணற்ற விதங்களில் மடியலாம் என்று தோன்றினாலும் உண்மையில் அதற்குக் கிடைக்கும் வழிகள் குறைவு என்பதை அந்தத் தீவுகள் காட்டின. இன்றும் உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் வடிவம் தீர்மானிக்கப்பட்டாலும், அது பிழையற்றதா என்று சோதிக்கும் முதல் சோதனைகளில் இந்த வரைபடமும் ஒன்று.

அதே 1963 ஜனவரியில் புரத வடிவம் பற்றிய அனைத்துலகக் கருத்தரங்கு சென்னையில் நடந்தது. கர்த்தா அமெரிக்காவுக்குச் சென்று, 1967-இல் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் வடிவத்தைத் தீர்மானித்த குழுவில் முதன்மையானவரானார். ராமச்சந்திரன் 1970-களின் தொடக்கத்தில் பெங்களூருக்கு மாறினார். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு வரவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரங்குக்கு வைத்திருக்கும் பெயர் 'டிரிபிள் ஹெலிக்ஸ்', அதாவது முச்சுருள்.

தொழில் வேறு பாதையில் சென்றது. அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்து, காலணியின் இலாபத்தை வெளிநாட்டுக்கு விட்டுக்கொடுப்பது தவறு என்று 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. ஏற்றுமதிக்கு வரம்பு விழுந்ததும் குரோம் முறை பரவியது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் காலணி ஊர்களாயின. கழிவு பாலாற்றில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்து, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் அப்படிப்பட்ட நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தனர்.

கழிவுநீரில் குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழி உண்டு. புரதக் கசடை மட்கவைக்கவும் முடியும். பெரும் தொல்லை உப்பு. தோலை ஊறவைக்கும் முதல் தொட்டியில் கரையும் அது எந்த நுண்ணுயிராலும் சிதைக்கப்படாது. நீரை ஆவியாக்கிப் பிரித்தால், வேறு உப்புகளும் கலந்து எதற்கும் உதவாத குவியலாக நிலைய வளாகங்களிலேயே தேங்குகிறது. அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களுக்கு அண்டையில் 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது. கால்வாயில் உப்புப் படகு போய்ப் பல தலைமுறை ஆயிற்று. உப்பைக் குறைத்தோ, இல்லாமலோ தோலைக் காக்கும் முறைகளை அடையாறு நிறுவனம் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. இறைச்சிக் கூடத்தில் உரித்துப் போட்ட தோலின்மேல் இன்றும் முதலில் விழுவது ஒரு கை உப்புதான்.